ஆட்டின் எடையும் ஐந்தாம் வகுப்புக் கணக்கும்

கிராமப்புறப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே அடிக்கடி விடுப்பு விழுகிறது. காரணம் கேட்டால், "அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்க, ஆடு மேய்க்கணும்" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் மாணவியர்தான்.

அந்த ஆடு சாதாரணமானதன்று. நிலமற்ற பெண்ணின் பெயரில் இருக்கும் ஒரே சொத்து பல வீடுகளில் அதுதான். 2011இல் தமிழ்நாடு அரசு ஊரக ஏழைப் பெண்களுக்கு தலா 4 ஆடுகளை விலையின்றி வழங்கத் தொடங்கியதும் இதனால்தான். ஆட்டின் சினைக்காலம் 5 மாதம். நன்கு பராமரித்தால் 2 ஆண்டில் 3 முறை ஈனும். தென்மாவட்டங்களின் கன்னி ஆடு இரட்டைக் குட்டி போடுவதற்குப் பேர்போனது.

ஆனால் ஆடு கிடைத்ததாலேயே வறுமை விலகிவிடுவதில்லை. குட்டிகள் இறந்தால் வருமானம் அங்கேயே நின்றுவிடும். பிறந்தவுடன் சீம்பால், உரிய காலத்தில் குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி ஆகியவை தவறக்கூடாது. கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு இழப்பு விற்பனையில். வியாபாரி முதுகைத் தடவிப் பார்த்துக் கண்மதிப்பில் விலை சொல்வார். அவசரத்துக்கு விற்பவர் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுவார். இங்கே நம் மாணவர்கள் உதவலாம். தையல் நாடாவால் முன்னங்காலுக்குப் பின்புறம் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் தோராய எடை கிலோவில் வரும். சுற்றளவு 24, நீளம் 22 எனில் 24 × 24 × 22 ÷ 660 = 19.2 கிலோ. வியாபாரி "பதினஞ்சு கிலோ தேறும்" என்றால், நான்கு கிலோவுக்கான பணம் எங்கே போகிறது என்று குழந்தைக்கே புரியும். சினை ஆட்டுக்கு இக்கணக்கு பொருந்தாது. தராசு கிடைத்தால் அதுவே மேல்.

மேய்ச்சலுக்கு வருவோம். வேலியோரம் அகத்தி, கிளைரிசிடியா வளர்த்தால் கொட்டிலிலேயே தழை போடலாம். கிளைரிசிடியாவைச் சற்று வாடவிட்டுப் போட வேண்டும். பச்சையாகச் சில ஆடுகள் தொடா. நான்கைந்து வீட்டார் ஆடுகளை ஒன்றாக்கி, பெரியவர்கள் முறைவைத்து மேய்ப்பதும் நடக்கக்கூடியதே. மகளிர் குழுவிலுள்ள தாய்மார் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம், வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு.