கண்ணாடிக் கடல் – 9: எத்தனை மீன் விடலாம்?

பாறை அடுக்கி, உப்பு நீர் நிரப்பி, வாரக்கணக்கில் காத்திருந்தும் ஆயிற்று. நான்கடித் தொட்டி, நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் சுமார் 250 லிட்டர். பாறையும் மணலும் பிடித்த இடம் போக இருநூறுதான் தேறும். இதில் எத்தனை மீன் விடலாம்?

நன்னீர்த் தொட்டிக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு காலனுக்கு ஓர் அங்குல மீன். கடல் நீருக்கு அதை ஐந்து காலனுக்கு ஓர் அங்குலம் என்று இறுக்கிச் சொல்வார்கள். இறுக்கம் நியாயம்தான். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும். கடல் நீரில் ஏழைக்கூட எட்டாது. இருந்தும் இது ஓட்டைக் கணக்கு. மீனின் நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். ஐந்து சென்டிமீட்டர் மீன் இரண்டும், பத்து சென்டிமீட்டர் மீன் ஒன்றும் அங்குலத்தில் சமம். தின்பதிலும் கழிவதிலும் அல்ல.

‘ஃபைண்டிங் நீமோ’ படம் 2003-இல் வந்தபின் எல்லோருக்கும் நீமோவோடு டோரியும் வேண்டும். நீமோ பிரச்சினையில்லை. பத்துப் பதினோரு சென்டிமீட்டருக்கு மேல் வளராத அந்தக் கோமாளி மீன், கடலிலேயே ஓர் அனிமோனைச் சுற்றித்தான் குடித்தனம் நடத்துகிறது. ஒரு ஜோடிக்கு 80 லிட்டரே போதும். டோரி என்கிற நீல சர்ஜன் மீன் கடையில் விரல் நீளம்தான் இருக்கும்; வளர்ந்தால் ஓர் அடி. பவளப்பாறை விளிம்பில் ஓடித் திரிகிற அதற்கு நான்கடி என்பது ஒரு வாலசைப்பு.

கழிவுப் பிரச்சினைக்காவது வழி உண்டு. செவுள் வழியே மீன் வெளியேற்றும் அம்மோனியாவைப் பாறைத் துளைகளில் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். கழிவின் அளவுக்கேற்பத்தான் அவை பெருகும் என்பதால், ஒரே நாளில் ஐந்து மீனை இறக்கினால் அம்மோனியா ஏறிவிடும். ஒவ்வொன்றாக, சில வார இடைவெளியில் விட்டால் சமாளிக்கும். புரோட்டீன் ஸ்கிம்மரும் நீர் மாற்றமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மீனே வேண்டாம் என்று நீரைத் துடைத்து வைப்பதும் தவறு. நைட்ரேட், பாஸ்பேட் அறவே இல்லாத நீரில் பவளங்கள் வெளிறிப்போகும்.

வழியில்லாதது சண்டைக்குத்தான். கூட்டமாக நீந்தும் என்று சொல்லி விற்கப்படும் பச்சைக் குரோமிஸில் ஆறு வாங்கினால், பல தொட்டிகளில் அவை ஒன்றையொன்று விரட்டி, சில மாதங்களில் ஒன்றிரண்டே மிஞ்சும். மாண்டரின் மீனின் சிக்கல் வேறு: பாறையில் ஊரும் நுண்ணிய கோப்பிபாடுகளை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும் அது, நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், இரை தீர்ந்தால் மெலிந்து சாகும்.

ஆக, நான்கடிக்கு நிதானமான பட்டியல் இப்படி இருக்கலாம்: கோமாளி ஜோடி, மணல் சலிக்காத சிறு கோபி ஒன்று, ஃபயர்ஃபிஷ் ஒன்று, ராயல் கிராமா ஒன்று. ஐந்து, மிஞ்சினால் ஆறு. பயந்த சுபாவமுள்ள ஃபயர்ஃபிஷ் முதலில் போகட்டும். மிரண்டால் துள்ளி வெளியே விழும் என்பதால் தொட்டிக்கு வலைமூடி அவசியம். வளை பிடித்து அதட்டும் கிராமா கடைசியில்.

விலை மலிவு, சாகாது என்று பாக்டீரியாவைப் பெருக்க முதல் வாரமே டாம்செல் மீனை விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தொட்டி முழுவதையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும் அந்த ஒற்றை மீன், பின்னால் வருகிற எதையும் நிம்மதியாகத் தின்ன விடாது. வலைக்கும் சிக்காது, பிடிக்க வேண்டுமென்றால் அடுக்கிய பாறை மொத்தத்தையும் வெளியே எடுக்க வேண்டும்.

(தொடரும்)