பூட்டுக்கும் தவணை உண்டு: இணையத்தளச் சான்றிதழ்கள் தாமாகவே புதுப்பிக்கப்படும் முறை

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. சுதந்திர தினம் கழிந்து இரண்டு நாட்கள். அன்று காலை கூகுளின் இலங்கை முகவரிக்குப் போக முயன்ற பலருக்கு வழமையான தேடற்பக்கம் வரவில்லை. வேறொரு பக்கம் வந்தது. தேயிலைத் தொழிலின் நிலை, ஊடக சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் பிரச்சினைகள் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. 1,000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை மலையகமெங்கும் சூடுபிடித்திருந்த காலம் அது. அந்தப் பக்கம் சொன்ன விடயங்களில் நியாயம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. அது எப்படி அங்கே வந்தது என்பது இன்னொரு கேள்வி. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

கூகுளின் கணினிகளுக்குள் யாரும் புகவில்லை. டொட் எல்கே என்று முடியும் பெயர்களைப் பராமரிக்கும் பதிவகத்தின் மட்டத்திலேயே கைவைத்து, சில பெயர்களுக்கான வழிகாட்டலை மாற்றிவிட்டார்கள். ஒரேக்கல் நிறுவனத்தின் இலங்கை முகவரியும் அவற்றில் ஒன்று. சந்தியில் நிற்கும் கைகாட்டிப் பலகையை யாரோ இரவோடு இரவாகத் திருப்பிவைத்தால், ஊருக்குப் புதியவர் வேறு தோட்டத்துக்குத்தான் போய்ச் சேர்வார். அப்படித்தான் இதுவும். சில மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். திருப்பிவிட்டவர்கள் தங்கள் பக்கத்தை மறைக்கவும் இல்லை. அதே கைகள் ஒரு வங்கியின் பக்கத்தைப் போலவே இன்னொன்றைச் செய்து வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

வந்து சேர்ந்த இடம் நாம் தேடிவந்த இடந்தானா என்பதை எதைக்கொண்டு உறுதிசெய்வது? இந்த வேலைக்காகத்தான் இணையத்தளச் சான்றிதழ் இருக்கிறது.

முத்திரையிட்ட தராசு

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கொழுந்தை மாட்டியதும் முள் ஓடி ஓர் எண்ணில் நிற்கிறது. தராசுக்குள் என்ன நடக்கிறது என்று கொழுந்து பறித்த பெண்ணுக்குத் தெரியாது. அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் அதைச் சோதித்து முத்திரையிட்டிருக்கிறது என்பதுதான் அவருக்குள்ள பிடிமானம். அந்த முத்திரையும் நிரந்தரமானதல்ல. வருடந்தோறும் மறுபடி சோதித்துப் பதிக்க வேண்டும். காலம் போகப் போகத் தராசின் வில் தளரும் என்பதால் அந்த ஏற்பாடு.

இணையத்தளச் சான்றிதழும் இப்படியொரு முத்திரைதான். தளத்தின் பெயர், அந்தத் தளத்துக்குரிய பொதுச்சாவி, சான்று வழங்கிய அதிகார அமைப்பின் பெயர், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை செல்லும் என்ற விபரம் ஆகியவை அதில் இருக்கும். பொதுச்சாவிக்கு இணையான இரகசியச் சாவி தளம் இயங்கும் கணினியிலேயே இருக்கும். வெளியே போகக் கூடாது. நாம் ஒரு முகவரியைத் திறக்கும்போது எமது உலாவி சான்றிதழை வாங்கிப் பார்த்து, இரகசியச் சாவி உண்மையிலேயே எதிர்ப்பக்கத்தில் இருக்கிறதா என்று கணக்குப் போட்டு உறுதிசெய்கிறது. அதன் பிறகே இரு பக்கமும் மறைகுறியில் பேசத் தொடங்குகின்றன. எச்டிடிபிஎஸ் என்று முகவரி தொடங்குவதன் பொருள் இதுதான்.

“பூட்டு அடையாளம் இருக்குதானே சேர், அப்ப பயமில்லைதானே?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பயப்பட இடமிருக்கிறது. தராசு சரி என்று முத்திரை சொல்லும். நிறுப்பவர் நேர்மையானவர் என்று அது சொல்வதில்லை. தண்ணீருக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழிக்கும் கை முத்திரையிட்ட தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். அதேபோல, எழுதியிருக்கும் பெயருக்குரிய தளத்தோடுதான் பேசுகிறோம், இடையில் ஒட்டுக்கேட்பவர் இல்லை என்பதை மட்டுமே சான்றிதழ் சொல்லும். மோசடிக்காரரும் தமது சொந்தப் பெயருக்குச் சான்றிதழ் எடுக்கலாம், எடுக்கிறார்கள். பூட்டைக் கண்டதும் தளமே நம்பகமானது என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதாலேயே 2023ஆம் ஆண்டில் குரோம் உலாவி முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுச் சின்னத்தை நீக்கியது.

தவணை ஏன் குறுகிக்கொண்டே வருகிறது?

முன்பெல்லாம் ஐந்து வருடச் சான்றிதழ்கள் புழக்கத்தில் இருந்தன. பின்னர் அது மூன்று வருடங்களாகி, 2018 மார்ச்சில் 825 நாட்களாகி, 2020 செப்டெம்பரில் 398 நாட்களாகக் குறைந்தது. சான்று வழங்குவோரும் உலாவி தயாரிப்போரும் கூடி விதிகளை வகுக்கும் மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்பதே உச்ச எல்லை.

இதற்குக் காரணமான கசப்பான அனுபவங்கள் உண்டு. 2011இல் டிஜிநொட்டார் என்ற நெதர்லாந்துச் சான்று நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் பொய்ச் சான்றிதழ்களை ஆக்கிக்கொண்டார்கள். ஈரானில் ஏராளமானோரின் ஜிமெயில் போக்குவரத்தை ஒட்டுக்கேட்க அவை பயன்பட்டன. அந்த நிறுவனம் அதே ஆண்டில் வங்குரோத்தானது. 2014 ஜூலையில் அயலிலும் ஒன்று நடந்தது. இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்தின் சான்று வழங்கும் பிரிவிலிருந்து கூகுள் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பிழையான சான்றிதழைப் பின்னர் இரத்துச் செய்தாலும், அந்தச் செய்தி எல்லா உலாவிகளுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே தவணை சின்னதாக இருப்பது நல்லது. களவுபோன சாவியின் ஆயுளும் சின்னதாகிவிடும்.

ஆனால் 47 நாட்களுக்கு ஒருமுறை யார் உட்கார்ந்து புதுப்பிப்பது? வருடத்துக்கு ஒருமுறை செய்வதையே மறந்துவிடுகிறோம். எமது சமூகத் தளங்கள் எப்படி உருவாகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரில் கணினி படித்த பிள்ளை ஒருவர் ஆர்வத்தோடு பாடசாலைக்கோ பள்ளிவாசலுக்கோ சஞ்சிகைக்கோ ஒரு தளம் செய்து கொடுப்பார். இரண்டு வருடத்தில் அவருக்குக் கட்டாரில் வேலை கிடைக்கும். நினைவூட்டல் மடல்கள் அவர் இப்போது திறக்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் தளத்தைத் திறந்தால், இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை திரை முழுவதும் நிற்கும்.

மனிதர் மறப்பார், இயந்திரம் செய்யட்டும்

இந்தச் சிக்கலுக்கு விடைதேடிப் பிறந்தது லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற சான்று அமைப்பு. மொசில்லாவில் பணியாற்றிய ஜோஷ் ஆஸ், எரிக் ரெஸ்கோர்லா, மின்னணு எல்லை அறக்கட்டளையின் பீட்டர் எக்கர்ஸ்லி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகியோர் இதன் மூலகர்த்தாக்கள். 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கட்டணம் கிடையாது. தொடக்கத்திலிருந்தே 90 நாள் சான்றிதழ்தான் கொடுத்தார்கள். குறுகிய தவணை ஆட்களைத் தன்னியக்க முறையின் பக்கம் தள்ளும் என்பது அவர்களின் எண்ணங்களில் ஒன்று. பெரும்பாலும் காசு கொடுத்து எடுக்கவேண்டியிருந்த ஒன்றை ஒரு சின்னக் கிராமத்துச் சங்கமும் இலவசமாகப் பெறுவது இதன் பிறகு இலகுவானது.

எப்படி வேலை செய்கிறது? ஹட்டனில் ஒரு பழைய மாணவர் சங்கத்துக்குத் தளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது இயங்கும் கணினியில் சேர்ட்பொட் போன்ற ஒரு சிறு மென்பொருளை நிறுவுகிறார்கள். மென்பொருள் சான்று அமைப்பைத் தொடர்புகொண்டு, இந்தப் பெயருக்குச் சான்றிதழ் வேண்டும் என்று விண்ணப்பிக்கும். உடனே ஒரு சோதனை வரும்: “பெயர் உன்னுடையது என்றால், உன் தளத்தில் இன்ன இடத்தில் இந்த இரகசிய வாசகத்தை வைத்துக் காட்டு.” மென்பொருள் அதை வைக்கும். சான்று அமைப்பு வெளியிலிருந்து வந்து வாசித்துப் பார்க்கும். வாசகம் சரியாக இருந்தால், தளத்தை ஆள்பவர்தான் கேட்கிறார் என்று ஏற்றுக்கொண்டு சான்றிதழைக் கையொப்பமிட்டு அனுப்பும். தளத்தில் வைப்பதற்குப் பதிலாக, பெயர்களுக்கு வழிகாட்டும் டிஎன்எஸ் பதிவேட்டில் அந்த வாசகத்தை எழுதிக் காட்டுவது இன்னொரு வழி. இத்தனையும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும்.

மென்பொருள் அத்தோடு நிற்பதில்லை. தினமும் தவணையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். 90 நாள் சான்றிதழில் ஏறத்தாழ 30 நாட்கள் மிஞ்சியிருக்கும்போதே புதியதை எடுத்து மாட்டிவிடும். இன்று முடியாவிட்டால் நாளை திரும்ப முயலும். மழைக்கு லைன் அறுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமற் போனாலும் பாதகமில்லை, கையில் ஒரு மாதம் இருக்கிறதே! இந்தப் பேச்சுவார்த்தைக்கான ஒழுங்குமுறைக்கு ஆக்மி என்று பெயர். 2019 மார்ச்சில் அது சர்வதேச இணைய நியமமானது. இப்போது வேறு பல சான்று நிறுவனங்களும் அதே முறையைப் பின்பற்றுகின்றன.

தமிழில் பெயர் வைத்தவர்களுக்கும் இது பொருந்தும். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரிகளுக்கு 2010இல் அனுமதி கிடைத்தது. அத்தகைய எழுத்துகளிலான பெயர்களுக்கு 2016 ஒக்டோபரிலிருந்து லெட்ஸ் என்கிரிப்டிடம் சான்றிதழ் பெறலாம். சான்றிதழுக்குள் மட்டும் அந்தத் தமிழ்ப்பெயர் ரோமன் எழுத்துக் கோவையாக மாறி நிற்கும்.

கைகாட்டியே திரும்பினால்?

இங்கே பெப்ரவரி 6ஆம் திகதிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பெயரை ஆள்பவர் யாரோ அவருக்கே சான்றிதழ் என்பதுதான் தன்னியக்க முறையின் அடிப்படை. அப்படியானால் பதிவக மட்டத்திலேயே பெயரைத் திருப்பிவிட்டவர், அந்தச் சில மணி நேரத்துக்குள் முறைப்படி சான்றிதழும் எடுத்துவிடலாமே? எடுக்கலாம். உலகில் வேறிடங்களில் டிஎன்எஸ்ஸைக் கடத்தியவர்கள் அவ்வாறு எடுத்தும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் முறை முழுமையான காப்பு அல்ல.

இதற்கு எதிராகச் சில வேலிகள் போடப்பட்டுள்ளன. 2020 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்து சோதிக்கிறது. ஒரு பாதையில் மட்டும் திருப்பிவைத்து ஏமாற்றுவது அதனால் கடினம். 2018இலிருந்து வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பகிரங்கப் பதிவேடுகளில் ஏறியிருக்க வேண்டும் என்று குரோம் கேட்கிறது. உங்கள் தளத்தின் பெயரில் யார் எப்போது சான்றிதழ் எடுத்தார்கள் என்று நீங்களே போய்ப் பார்க்கலாம். எந்தச் சான்று அமைப்பு எனது பெயருக்குச் சான்றளிக்கலாம் என்று டிஎன்எஸ்ஸில் முன்கூட்டியே எழுதிவைக்கவும் வசதி உண்டு. ஆனால் பதிவகமே ஏமாந்தால் கடைசியாகச் சொன்ன வேலியும் சாய்ந்துவிடும்.

வாசகரும் நிர்வாகிகளும்

எச்சரிக்கைப் பக்கத்தைக் கண்டதும் தளம் களவாடப்பட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் தவணை தப்பியிருக்கும். சில வேளை பிழை எமது கையிலேயே இருக்கும். கைத்தொலைபேசியில் திகதி பிழையாக இருந்தால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். மூத்தவரிடமிருந்து இளையவருக்கு என்று கைமாறி வரும் பழைய போன்கள் எமது வீடுகளில் அதிகம். அன்ட்ரொய்ட் 7.1.1க்கு முந்திய போன்கள் லெட்ஸ் என்கிரிப்டின் இன்றைய மூலச்சான்றை அறியாதவை. அவற்றின் சொந்த உலாவியில் எச்சரிக்கை வரத்தான் செய்யும். அந்தப் போன்களில் ஃபயர்ஃபொக்ஸ் போன்ற, மூலச்சான்றுகளைத் தன்னோடு கொண்டுவரும் உலாவி கைகொடுக்கலாம்.

எப்படியிருந்தாலும் ஒன்று முக்கியம். “பரவாயில்லை, உள்ளுக்குப் போ” என்று அழுத்திப் பழகக் கூடாது. சங்கத்தின் தளத்தில் ஒவ்வொரு வருடமும் அப்படி அழுத்தப் பழகிய பிள்ளை, நாளை உண்மையான மோசடிப் பக்கத்திலும் அதையே அழுத்தும். புலமைப்பரிசில் விண்ணப்பம் என்று அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் நிரப்பும் இடத்தில் அந்தப் பழக்கம் ஆபத்தானது. தவணையைத் தவறவிடும் நிர்வாகம் வாசகரை இப்படித் தவறாகப் பயிற்றுகிறது. பிறருடைய விபரங்களை அமானிதமாக வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விடயமல்ல.

தன்னியக்கம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று விட்டுவிடவும் முடியாது. தளத்தை வேறு கணினிக்கு மாற்றினால் மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டும். தடுப்புச் சுவர் சோதனைக்கு வரும் அமைப்பை மறித்தால் புதுப்பித்தல் சத்தமில்லாமல் தோற்கும். முன்பு தவணை நெருங்கும்போது மின்னஞ்சல் அனுப்பிய லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டது. பெயருக்கான வருடாந்தக் கட்டணம் இதில் சேராது. அதைக் கட்டாவிட்டால் பெயரே போய்விடும்.

ஆகவே சங்கங்களும் பாடசாலைகளும் அடுத்த கூட்டத்திலேயே மூன்று விடயங்களைக் கூட்டக்குறிப்பில் எழுதிக்கொள்வது நல்லது. பெயர் யாருடைய கணக்கில் பதியப்பட்டிருக்கிறது, தளம் எங்கே இயங்குகிறது, சான்றிதழ் எந்த முறையில் புதுப்பிக்கப்படுகிறது. கணக்கு தனியாளின் மின்னஞ்சலில் இல்லாமல் சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். கடவுச்சொல் குறைந்தது இருவரிடமாவது இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் உலாவியில் சான்றிதழைத் திறந்து முடிவுத் திகதியைப் பார்க்கும் பொறுப்பை ஓர் உயர்தர மாணவரிடம் கொடுக்கலாம். ஒரு நிமிட வேலைதான்.