முதல் ரெயில் என்ஜின் என்ன ஆனது?

ரெயில் என்ஜினை முதலில் ஓட்டியவர் யார்?

"ஜார்ஜ் ஸ்டீபன்சன்" என்று பலர் சொல்வார்கள். ஆனால் ஸ்டீபன்சன் தன் முதல் என்ஜினைச் செய்தது 1814-ம் ஆண்டில். அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே தண்டவாளத்தில் நீராவி என்ஜினை ஓட்டிக் காட்டியவர், ரிச்சர்டு டிரெவிதிக். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்தவர்.

500 கினி பந்தயம்

வேல்ஸ் நாட்டில் பெனிடாரன் என்ற இரும்பு ஆலை இருந்தது. அங்கே குதிரைகள்தான் வண்டிகளை இழுத்தன.

10 டன் இரும்பை நீராவி என்ஜின் இழுக்குமா, இழுக்காதா? ஆலை முதலாளி ஹோம்ப்ரேக்கும் இன்னொரு முதலாளிக்கும் பந்தயம்! பந்தயப் பணம் 500 கினி.

1804-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி டிரெவிதிக்கின் என்ஜின் புறப்பட்டது. 5 வண்டிகளில் 10 டன் இரும்பு. போதாததற்கு 70 ஆட்களும் ஏறிக்கொண்டார்கள்!

வழியில் மரங்களை வெட்டினார்கள், பாறைகளைப் புரட்டினார்கள். சுமார் 9 மைல் தூரத்தை என்ஜின் 4 மணி 5 நிமிடத்தில் கடந்தது.

உடைந்தது தண்டவாளம்

ஆனால் என்ஜினின் எடையை வார்ப்பிரும்புத் தண்டவாளம் தாங்கவில்லை. அடிக்கடி உடைந்தது. குதிரைகளே திரும்பி வந்தன.

1808-ல் லண்டனில் வட்டப்பாதை போட்டு, 1 ஷில்லிங் கட்டணத்தில் ரெயில் விட்டார் டிரெவிதிக். அங்கும் தண்டவாளம் உடைந்தது.

பிறகு தென் அமெரிக்கா சென்றார். வெறுங்கையோடு திரும்பினார். 1833-ல் டார்ட்போர்டு நகரில் இறந்தபோது, அடக்கச் செலவுக்குக்கூட பணம் இல்லை. உடன் வேலை செய்த தொழிலாளர்கள் காசு சேர்த்து அடக்கம் செய்தார்கள்.

தப்பிய "பில்லி"

அவருடைய முதல் என்ஜினை யாரும் பாதுகாக்கவில்லை. அது அழிந்தே போயிற்று!

"பப்பிங் பில்லி" என்ற என்ஜினுக்கு அந்தக் கதி நேரவில்லை. 1813-14ல் வைலம் நிலக்கரிச் சுரங்கத்துக்காக அதைச் செய்தவர், வில்லியம் ஹெட்லி. சுமார் 50 ஆண்டுகள் அது நிலக்கரி இழுத்தது. 1862-ல் ஓய்வு பெற்றதும், பழைய இரும்பாக உடைக்காமல் லண்டனில் ஒரு காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள்.

இன்று உலகில் எஞ்சியுள்ள ரெயில் என்ஜின்களில் மிகப் பழையது அதுதான்!

டிரெவிதிக்கின் என்ஜினைப் பார்க்க ஆசையா? 1981-ல் அதைப் போலவே ஒன்று செய்திருக்கிறார்கள். அதைத்தான் பார்க்கலாம். அசல் என்ஜின் போனது, போனதுதான்.