அந்திமந்தாரை

கடிகாரம் அருகியிருந்த காலத்தில், சேலம், நாமக்கல் பகுதிச் சமவெளிச் சிற்றூர்களில் பொழுதை அறிவிக்கும் பணியைப் பூக்களும் செய்துவந்தன. வேலியிற் படர்ந்த பீர்க்கு மலர்ந்தால் பொழுது சாய்ந்தது என்று அறிந்து பெண்டிர் உலை வைப்பர். கிணற்றடியிலும் கொல்லைப்புறத்திலும் நிற்கும் சிறு செடியொன்றும் அவ்வேளையிலேயே கண் விழிக்கும். பகலெல்லாம் குவிந்திருந்த அதன் அரும்புகள் மாலை நான்கு மணியளவில் விரியத் தொடங்கும். இருட்டியபின் நறுமணம் பரப்பும். மறுநாள் வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அச்செடியே அந்திமந்தாரை.

மலையாளத்தார் இதனை நாலுமணிப்பூ என்பர். கன்னடத்தார் மாலை மல்லிகை என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். நம்மவருள்ளும் அந்திமல்லி என்பாருளர். இப்பெயர்கள் யாவும் மலரும் பொழுதைச் சுட்டி எழுந்தவை. மாலையை முல்லைக்குரிய சிறுபொழுதாக வகுத்த மொழியில் இத்தகைய பெயர் தோன்றியது வியப்பன்று. எனினும் இச்செடி சங்கப் புலவர் கண்டதன்று. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகள். ஐரோப்பியர் அக்கண்டத்தை அடைந்த பின்னரே இது பிற நாடுகளுக்குப் பரவிற்று. வந்த விருந்தினருக்கு ஊரார் தம் மொழியில் ஒரு பெயரிட்டு வீட்டாராக்கிக்கொண்டனர்.

பெயரின் முற்பாதி பொருத்தமானது; பிற்பாதி அத்தகையதன்று. உண்மையான மந்தாரை ஒரு மரம். அதன் இலை நுனியில் இரண்டாகப் பிளந்து மாட்டின் குளம்பு போலிருக்கும். அவ்விலைகளைத் தைத்து உண்கலமாகப் பயன்படுத்துவர். அந்திமந்தாரைக்கும் அம்மரத்திற்கும் உறவில்லை. தரிசு நிலத்திலே தரையோடு படரும் மூக்கிரட்டையும், வாயில்களை அணிசெய்யும் காகிதப்பூவுமே இதன் உறவினங்கள்.

நூலோர் இட்ட பெயரிலும் பிழை புகுந்துள்ளது. 1753ஆம் ஆண்டில் இலின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் தம் நூலில் இதனை ‘மிராபிலிசு சலாப்பா’ என்று குறித்தார். முதற்சொல் ‘வியத்தற்குரியது’ எனப் பொருள்படும். இரண்டாவது, மெக்சிகோ நாட்டு நகரொன்றின் பெயரால் வழங்கிய பேதி மருந்தைக் குறிப்பது. அம்மருந்து இச்செடியின் கிழங்கிலிருந்து வருவதாக ஒரு காலத்தில் எண்ணினர். உண்மையில் அதைத் தருவது தாளிக்கொடி இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடி. பிழை தெளிந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

இம்மலரின் அமைப்பும் ஏமாற்றுவதே. இதற்கு அல்லி இதழ் இல்லை. செம்மையும் மஞ்சளும் வெண்மையுமாய் நாம் காண்பது நீண்ட குழலாக வளர்ந்த புல்லி வட்டமே. அக்குழலின் அடியிலுள்ள தேனை நீண்ட உறிஞ்சுகுழலையுடைய அந்துப்பூச்சிகள் இரவில் வந்து உண்ணும். சிறுமியர்க்கோ அக்குழல் வேறு வகையில் உதவுகிறது. நாரின்றியே குழல்களைப் பின்னிச் சரமாக்கிக் கூந்தலிற் சூடுவர்.

மேனாட்டு அறிஞர்க்கும் இச்செடி உதவியது. செர்மனியரான காரென்சு, செந்நிறப் பூச்செடியையும் வெண்ணிறப் பூச்செடியையும் கலந்தபோது இளஞ்சிவப்புப் பூக்களைக் கண்டார். இலையில் வெள்ளைத் திட்டுகள் தோன்றும் இயல்பு தாய்ச்செடியின் வழியாகவே இறங்குகிறது என்பதையும் 1909இல் இதனைக்கொண்டே விளக்கினார்.

நாட்டு மருத்துவத்தில் இதன் இலையை வதக்கிக் கட்டிகள் பழுத்து உடையும்பொருட்டு வைத்துக் கட்டுவர். சீன நாட்டில் பூவின் சாயத்தை உணவுப் பண்டங்களுக்கு நிறமூட்டப் பயன்படுத்தியுள்ளனர். விதையினுள் இருக்கும் வெண்மாவை முகப்பொடி போலப் பூசிக்கொண்டமையால், சப்பானியர் இதற்கு ‘முகப்பொடிப் பூ’ என்னும் பொருளுடைய பெயரிட்டனர்.

விதையைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். அது கரிய நிறமும் சுருங்கிய மேற்புறமும் உடையது. கொல்லிமலையில் விளையும் மிளகுக்கும் அதற்கும் வேறுபாடு காணச் சிறுவர் தடுமாறுவர். விதையும் கிழங்கும் நச்சுத்தன்மை உடையவை. உண்டால் வாந்தியும் கழிச்சலும் உண்டாகும்.

இவ்வெச்சரிக்கை இக்காலத்திற்கு மிகவும் உரியது. மருந்துக்கடைகளில் ‘ஈவினிங் பிரிம்ரோஸ்’ எண்ணெய் என்று உறையிலிட்டு விற்கின்றனர். ‘ஈவினிங்’ என்பது மாலையாதலால், அது அந்திமந்தாரையின் எண்ணெய் என்று ஒருவர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணி வீட்டுச் செடியின் விதையை இடித்து உண்டால் கேடே விளையும். அந்த எண்ணெயைத் தருவது வட அமெரிக்காவிற்குரிய வேறொரு செடி. அதன் பூக்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தன. நான்கு இதழ்களை உடையன. கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிவன. இச்செடியை 1886இல் ஆலந்து நாட்டு வயலொன்றிற் கண்ட தெவ்ரீசு என்பார், அதனை ஆராய்ந்தே திடீர் மாற்றக் கொள்கையை வகுத்தார். அதன் எண்ணெய் தோல் நோய்க்கு நன்று என்று நெடுநாள் நம்பப்பட்டது. ஆயினும் பயன் போதிய அளவு மெய்ப்பிக்கப்படாமையால், பிரிட்டனில் அதனை மருந்தாக வழங்க அளித்திருந்த உரிமம் 2002இல் திரும்பப் பெறப்பட்டது.

அவ்வயல்நாட்டுச் செடியின் மெய்யான உறவினம் நம்மிடம் இல்லாமலில்லை. காவிரி நீர் பாயும் மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற ஊர்ப்பக்கத்து நெல்வயல்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் நீர்க்கிராம்பே அது. அதன் சிறு மஞ்சட்பூவிலும் நான்கு இதழ்களே உள்ளன. காய் கிராம்பின் வடிவினது. கிராம்போடு உறவு அதற்கும் இல்லை. அது பகலிலேயே மலர்ந்து இதழுதிர்த்துவிடும். களையெடுப்போர் அதனைப் பிடுங்கி வரப்பில் எறிந்து செல்வர்.