உறங்கா இரவும் மனச்சோர்வு நோயும்

மாசி மாதத்து மகாசிவராத்திரியன்று திருக்காளத்தியிலும் திருப்பதிக் கபிலதீர்த்தத்திலும் மக்கள் திரளாகக் கூடி விடியுமளவும் கண்விழித்திருப்பதைச் சித்தூர், திருப்பதி மாவட்டத்தார் நன்கறிவர். மறுநாள் அவர்களிற் பலருக்கு உடல் அசந்து, தலை கனத்து, சிறு சொல்லுக்கும் சினம் எழும். உறக்கம் இழந்ததன் இயல்பான விளைவு இது. ஆனால், மனச்சோர்வு நோயால் வருந்துவோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இதற்கு நேர்மாறான விளைவு காணப்படுகிறது. வாரக்கணக்கில் நெஞ்சை அழுத்திய சுமை, ஒரே ஓர் இரவு உறங்காதிருந்தபின் விடியற்காலையில் இறங்கிவிடுகிறது. வியப்புக்குரிய இவ்வுண்மை எவ்வாறு அறியப்பட்டது, அதன் பயனும் எல்லையும் யாவை, களப்பணியாளரும் ஆசிரியரும் இதிலிருந்து கொள்ளத்தக்கது யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

நோயின் இயல்பு

துன்பம் நேர்ந்தபோது எவர்க்கும் உண்டாகும் வருத்தம் வேறு. மனச்சோர்வு நோய் வேறு. எதிலும் விருப்பின்மை, காரணமற்ற களைப்பு, தன்னைத் தானே இழிவாக எண்ணுதல், பசியும் உறக்கமும் கெடுதல் முதலியன இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, அன்றாட வேலையைத் தடுக்குமாயின் அது நோயே ஆகும். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். அவர்களிற் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று.

கிராமங்களில் இந்நோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கைகால் அசதி, தலைபாரம், நெஞ்சடைப்பு, சோறு இறங்கவில்லை என்ற முறையீடுகளாகவே அது வெளிப்படும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் 'திகுலு' என்று சிலர் கூறக்கூடும். சோம்பல் என்றும் மனவுறுதி இல்லாமை என்றும் வீட்டார் கடிந்துகொள்வதும் உண்டு.

கவனிக்கத்தக்க மற்றோர் அறிகுறியும் உண்டு. நோயாளிகள் பலர் பின்னிரவில் மூன்று நான்கு மணிக்கே விழித்து, அதன்பின் உறங்க மாட்டாமல் கிடப்பர். காலைப்பொழுது அவர்களுக்கு மிகக் கொடியது. மாலையில் துன்பம் சற்றுத் தணியும். இவ்வாறு நாளின் பொழுதுக்கேற்ப நோய் ஏறி இறங்குவோரே விழிப்புச் சிகிச்சையால் பயனடையும் வாய்ப்பு மிகுதி என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

கண்டறிந்த வரலாறு

உறக்கத்தைத் தடுத்து மனச்சோர்வை நீக்கலாம் என்னும் கருத்தை, ஜெர்மனியில் லைப்சிக் நகரப் பேராசிரியர் ஹைன்ரோத் 1818ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதினார். அது நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. பின்னர், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், வால்ட்டர் ஷுல்ட்டே என்னும் ஜெர்மானிய மனநோய் மருத்துவர் ஒரு செய்தியைப் பதிவு செய்தார். மனச்சோர்வுற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், நோய் மிகும்போது இரவு முழுவதும் சைக்கிள் ஓட்டித் திரிந்து, மறுநாள் தெளிந்த மனத்துடன் பணிக்குச் செல்வதாகக் கூறினார் என்பதே அச்செய்தி.

இதனைப் புறக்கணிக்காமல், டூபிங்கன் நகரில் ஃப்ளூக், ட்யோல்லே என்னும் இருவர் முறையாக ஆராய்ந்து 1971இல் முடிவுகளை வெளியிட்டனர். அதன்பின் பல நாடுகளில் நடந்த சோதனைகள் அவற்றை உறுதி செய்தன. மாத்திரைகள் பலன் தருவதற்குச் சில வாரங்கள் ஆகும். விழிப்போ சில மணி நேரத்தில் பலன் தருகிறது.

செய்முறையும் அதன் குறையும்

மருத்துவமனையில் நோயாளி காலையில் எழுந்தது முதல் அன்றிரவும் மறுநாள் பகலும் உறங்காமல், ஏறத்தாழ 36 மணி நேரம் விழித்திருக்கச் செய்யப்படுகிறார். முன்னிரவில் உறங்கவிட்டு, நள்ளிரவு கடந்து ஒன்று அல்லது இரண்டு மணிக்கு எழுப்பும் முறையும் உண்டு. உரையாடல், நடை, சிறு வேலைகள் ஆகியவற்றால் விழிப்புக் காக்கப்படும். இடையே சில நிமிடம் கண்ணயர்ந்தாலும் நோய் திரும்பக்கூடும்.

இம்முறையின் பெருங்குறையும் இதனின்றே விளங்கும். எவரும் என்றும் விழித்திருத்தல் இயலாது. மருந்து உண்ணாதவர்களில் ஐவரில் நால்வருக்கு, அடுத்த இரவு உறங்கி எழுந்ததும் பழைய சோர்வு மீள்கிறது. ஆகவே, பெற்ற நலத்தை இழவாமற் காப்பது எவ்வாறு என்பதே ஆராய்ச்சியாளரின் முதன்மைக் கேள்வியாயிற்று. இத்தாலியில் மிலான் நகர் சான் ரஃபாயேலே மருத்துவமனையில் பெனடெட்டி, கொலம்போ முதலியோர் ஒரு விழிப்பிரவு, ஓர் உறக்க இரவு என மாற்றி மாற்றி ஒரு வாரத்தில் மூன்று முறை விழிக்கச் செய்து, லித்தியம் என்னும் மருந்தையும் காலைநேரப் பேரொளியையும் உடன் சேர்த்தனர். இவ்வாறு சேர்த்தளிக்கும்போது பலரிடம் நலம் நீடித்தது.

காரணம் யாது?

இதற்கு முழு விடை இன்னும் கிடைத்திலது. எனினும் இரு செய்திகள் தெளிவு பெற்றுள்ளன. நாம் விழித்திருக்குந்தோறும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, உறங்கும்போது குறைகிறது. அப்பொருள் செயற்படுவதைத் தடுத்தே காப்பி நம் தூக்கத்தைக் கலைக்கிறது. மிகுந்த அடினோசின் மனநிலையையும் மாற்றுகிறது என எலிகளிடம் செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இரண்டாவதாக, உடலினுள் இயங்கும் நாட்கடிகாரம் மனச்சோர்வுற்றோர் பலரிடத்தில் ஒழுங்கு தவறி இயங்குகிறது. விழிப்பும் காலை ஒளியும் அதனைத் திருத்துவனவாகக் கருதப்படுகின்றன.

வீட்டில் செய்தல் தகாது

இச்செய்தியைக் கேட்ட ஒருவர், நோயுற்ற மனைவியையோ மகனையோ வீட்டிலேயே விழித்திருக்கச் செய்ய முற்படலாம். அது பேரிடரில் முடியக்கூடும். மனச்சோர்வும் மிகைக்கிளர்ச்சியும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உடையவர்க்கு, ஓர் இரவு உறக்கமிழப்பே கட்டுக்கடங்காக் கிளர்ச்சியைத் தூண்டவல்லது. காக்காய்வலிப்பு உடையவர்க்கு வலிப்பு வரும். வாகனம் ஓட்டுவோரும் இயந்திரத்தில் வேலை செய்வோரும் விபத்துக்குள்ளாவர். யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு: ஒரு பகல் தெளிந்து, மறுநாள் மீண்டும் இருளில் வீழ்பவர் நம்பிக்கை முற்றும் இழந்து உயிரைப் போக்கிக்கொள்ள முயலலாம். எனவே, இது மருத்துவர் கண்காணிப்பிலேயே செய்யத்தக்கது. நோயினாலேயே உறக்கம் கெட்டு வருந்துபவரை, 'விழித்திருப்பது நல்லதே' என்று விட்டுவிடுதலும் தவறு. அது நோயின் அறிகுறியேயன்றிச் சிகிச்சையன்று.

நாம் செய்யத்தக்கவை

களப்பணியாளர் வீடுதோறும் செல்லும்போது, உடல்நோயாகக் கூறப்படும் முறையீடுகளுக்கிடையே மூன்று கேள்விகளைக் கனிவுடன் கேட்கலாம்: பின்னிரவில் விழித்துக்கொள்கிறீர்களா? காலையில் துன்பம் மிகுதியா? முன்பு விரும்பிச் செய்தவற்றில் இப்போது விருப்பம் உண்டா? சாக வேண்டுமென்ற எண்ணம் வருகிறதா என்று வெளிப்படையாக வினவுதலும் வேண்டும். அவ்வாறு வினவுவதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. தோன்றியிருப்பின், அவரைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் கடமை. திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையும், எல்லைக்கு அப்பால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அருகில் உள்ளன. 2022இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்து, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

ஆசிரியர் செய்யத்தக்கது வேறொன்று. முன்பு நன்கு பயின்ற மாணவன் காலை வகுப்புகளில் வாடியிருப்பின், அவனைச் சோம்பேறி என்னுமுன் அவன் உறக்கத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். பெற்றோருடனும் பேச வேண்டும்.

ஓர் இரவின் விழிப்பு மனச்சோர்வைத் தீர்த்துவிடாது. ஆயினும் அது ஒரு பெரும் உண்மையை மெய்ப்பித்துள்ளது. சில மணி நேரத்தில் மூளையில் நிகழும் மாற்றத்தால் விலகக்கூடிய துன்பம், ஒருவரின் குணக்கேடாகவோ கோழைத்தனமாகவோ இருத்தல் இயலாது. காய்ச்சலைப் போன்றே அதுவும் நோய், மாறக்கூடிய நோய். நோயாளியும் அவர் வீட்டாரும் இதனை நம்பினால் சிகிச்சையின் முதற்படி ஏறியவராவர். அந்நம்பிக்கையை ஊட்டுதல் நம் பணி.