எத்தனை கம்ப்யூட்டருக்கு ஓர் ஆள்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் நம்மவர்களைத் தெரியாதவர் இருக்க முடியாது. கணக்குப் பிள்ளையும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அது இல்லாமல் பெரிய வியாபாரம் நடவாது. மாதாமாதம் வரி கட்டுவோருக்கு 20ஆம் தேதி கெடு. பில் போடும் கம்ப்யூட்டரோ பிரிண்டரோ இன்டர்நெட்டோ முரண்டு பிடித்தால் கல்லா முன்னால் கூட்டம் நின்றுவிடும். ஆகவே, இவற்றைப் பார்த்துக்கொள்ள எத்தனை ஆள் வைப்பது என்ற கேள்வி கழக்கூட்டம் டெக்னோபார்க் கம்பெனிகளுக்கு மட்டும் உரியதல்ல. மளிகை மொத்த வியாபாரிக்கும் அது உண்டு.

ஐம்பதுக்கு ஒருவர், நூறுக்கு ஒருவர் என்று வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். ரயில்வேயில் காலந்தள்ளியவன் என்ற முறையில் இந்தத் தலை எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் எத்தனை பேர் என்பதைக் கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. எவ்வளவு போக்குவரத்து, பாதை எப்படிப்பட்டது, மழை எவ்வளவு என்பதெல்லாம் கணக்கில் சேரும்.

இந்தக் கணக்குக்கு மூலபுருஷர் ஆக்னர் எர்லாங் என்ற டென்மார்க்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, 1908இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தவர். அழைப்புகள் நேரங்கெட்ட நேரத்தில் வருகின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடும் என்றும் தெரியாது. அப்படியிருக்க எத்தனை லைன் போட வேண்டும் என்பதுதான் அவருக்கு வந்த பிரச்சினை. 1909இலும் 1917இலும் அவர் எழுதிய கட்டுரைகள் இன்றும் உலகமெங்கும் பயன்படுகின்றன. டெலிபோன் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே 'எர்லாங்' என்றுதான் பெயர்.

அந்தக் கணக்கை நம் கடைக்குப் போட்டுப் பார்ப்போம். கடை, கிடங்கு, கிளைகள் எல்லாம் சேர்த்து 24 கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வாரத்துக்கு இரண்டு தடவை தகராறு செய்கிறது. சரி செய்யச் சராசரி அரை மணி. மொத்தம் 24 மணி நேர வேலை. வாரம் 48 மணி நேரம் இருக்கும் பையன் பாதி நேரம் சும்மா இருப்பதாக முதலாளிக்குத் தோன்றும். ஆனால் அப்போதே, கூப்பிட்டவர் சராசரி அரை மணி காத்திருந்த பிறகுதான் அவன் வந்து கை வைக்க முடியும். வியாபாரம் பெருகி 40 கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. வேலை 40 மணி நேரம். "இன்னும் எட்டு மணி நேரம் மிச்சமிருக்கிறதே, ஓர் ஆள் போதும்" என்பார் அண்ணாச்சி. காத்திருப்போ இரண்டரை மணி நேரமாகிவிடும்! வேலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, காத்திருப்பு ஐந்து மடங்காகிறது.

இன்னோர் ஆளைப் போட்டால் இரண்டரை மணி பாதியாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, அது ஆறேழு நிமிஷமாகக் குறையும். முதல் ஆள் ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டாமவர் கை காலியாக இருப்பதே காரணம். சும்மா இருப்பதுபோல் தெரியும் நேரத்துக்குத்தான் சம்பளம் கொடுக்கிறோம் என்பதை நம் வியாபாரிகள் ஒப்புக்கொள்வது கடினம். தீயணைப்பு நிலையத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது சம்பளத்துக்கு வழியில்லையா? இதே அளவு வேலையுள்ள பக்கத்துக் கடையோடு சேர்ந்துகொள்ளலாம். தனித்தனியாக ஆளுக்கொருவர் வைத்தால் இரு கடையிலும் இரண்டரை மணி. அதே இருவரைப் பொதுவாக வைத்தால் ஒரு மணிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். செலவு ஒரு பைசா கூடாது. பக்கத்துக் கடைக்காரர் நம் கணக்கைப் பார்த்துவிடுவாரே என்ற தயக்கம் நியாயமானதே. பார்க்கக் கூடாததைப் பூட்டி வைக்க வழி உண்டு.

ஆள் கூட்டுவதற்கு முன் தகராறைக் குறைக்கவும் பார்க்க வேண்டும். கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷ காலத்திலும் இடி மின்னல் அதிகம். சரியான எர்த்தும் நல்ல யு.பி.எஸ்ஸும் இல்லாத கடையில் மோடம் போவது அந்த மாதங்களில்தான். பிற்பகல் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவதற்குக் கணக்கே தேவையில்லை. கேங்குக்கு மழை கணக்கானதுபோல் இங்கே இடி.

எர்லாங் கணக்கில் வராத ஒன்று லீவு. ரயில்வேயில் லீவில் போகிறவருக்குப் பதில் பார்க்கவென்றே 'லீவ் ரிசர்வ்' பணியிடங்கள் உண்டு. ஒரே ஆள் உள்ள கடையில், அவன் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் உள்ள ஆள் பூஜ்யம். அதனால் அவனைப் போகவே விடுவதில்லை; போனாலும் ரயிலில் இருந்தபடி போனில் பதில் சொல்லிக்கொண்டே போகிறான். நம் வீட்டுப் பிள்ளைகளில் டிப்ளமா முடித்த பலர் போய்ச் சேரும் முதல் வேலை இதுதான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் பெற்றோர் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்கள். எத்தனை கம்ப்யூட்டர், நாளைக்கு எத்தனை அழைப்பு, லீவு எடுத்தால் யார் பார்ப்பார் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு சிறு ஏற்பாடு போதும். கணக்கு எழுதுகிறவர்களில் ஒருவருக்குக் கொஞ்சம் படி கூட்டிக் கொடுத்து, பிரிண்டர், பில், பாஸ்வேர்டு சங்கதிகளைப் பழக்கி வையுங்கள். பெரிய பழுதுக்கு வெளிக் கம்பெனியோடு வருஷ ஒப்பந்தம் இருக்கட்டும். அதில் "எத்தனை மணிக்குள் வருவார்கள்" என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டுகளை உறையில் ஒட்டி இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

ஆள் எத்தனை என்று முடிவு செய்ய ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கூப்பிட்ட நேரம், வந்த நேரம், முடித்த நேரம், என்ன கோளாறு என்று நான்கு பத்தி. மூன்று மாதம் எழுத வேண்டும். அதில் ஓணக் காலம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 20ஆம் தேதியை ஒட்டிய நாட்களைத் தனியாகக் கூட்டுங்கள். சராசரி நாளில் ஓர் ஆள் போதுமென்று வந்தாலும், அந்த நாட்களுக்கு மட்டும் வெளியாள் ஒருவர் வந்து உட்கார வேண்டியிருக்கும்.