ஒரு றகரம்

நான் தரம் 10இல் படிக்கும்போது எனது மூத்தாப்பா வபாத்தானார். மூன்று நாட்கள் பாடசாலைக்குப் போகவில்லை. உம்மா எழுதும் நிலையில் இல்லாததால் விடுமுறைக் கடிதத்தை நானே எழுதினேன், உம்மா கையொப்பமிட்டார். வகுப்பாசிரியை அதை வாசித்துவிட்டு, ஒரு சொல்லைச் சுற்றி மெல்லிய வட்டமிட்டு, "வேறொன்று எழுதி வாங்க மகள்" என்று மட்டும் சொன்னார். "எனது மூத்தாப்பா இரந்துவிட்டதால்" என்று எழுதியிருந்தேன்.

இறத்தல் என்றால் மரணித்தல். இரத்தல் என்றால் பிச்சை கேட்டல். திருக்குறளின் 106ஆவது அதிகாரமான 'இரவு' இதைப் பற்றியதுதான். கடைசிவரை யாரிடமும் கைநீட்டாமல் சிறிய கடையொன்றை நடத்தி வாழ்ந்தவரை, என் பேனை ஒரே எழுத்தில் கையேந்த வைத்துவிட்டது.

அந்தப் பிழை ஏன் என் கண்ணில் படவில்லை? நம் பேச்சில் 'இரந்து', 'இறந்து' இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ழகரத்தையும் நம்மில் பலர் ளகரமாகவே சொல்கிறோம். ஆகவே காது நமக்கு உதவாது. கைபேசியையும் நம்ப முடியாது. 'இரந்து' என்பதும் சரியான சொல்தானே! பொருள் அறிந்த நாம்தான் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் சில வழிகளைத் தோழியருக்குச் சொல்கிறேன்.

முதலாவது, சொல்லின் உறவுகளைத் தேடுதல். 'தொழுதேன்' என்பதற்கு எந்த ழகரம் என்று ஐயம் வந்தால், பள்ளிவாசல் அறிவித்தலில் காணும் 'தொழுகை'யை நினைத்துக்கொள்ளலாம். பிறப்பும் இறப்பும் சோடி. பிறப்புச் சான்றிதழிலுள்ள றகரமே இறப்புக்கும்.

இரண்டாவது, இன எழுத்தைக் கவனித்தல். டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந்: வண்டி, கன்று, பந்து.

மூன்றாவது, ட், ற் ஆகியவற்றை அடுத்து இன்னொரு மெய்யெழுத்து வராது. 'முயற்ச்சி', 'காட்ச்சி' என்பவை பிழை. முயற்சி, காட்சி என்பவையே சரி. ஆனால் ர், ழ் அப்படியல்ல: வளர்ச்சி, மகிழ்ச்சி.

நான்காவது, எழுதியவுடன் பார்க்காமல், சற்று நேரம் கழித்துக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தல். வரிசையாக வாசித்தால் மனம் நினைத்ததையே கண்ணும் காணும். பிறகு பொருளுக்காக ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும்.

கடைசியாக, கொப்பியின் பின்பக்கத்தில் நம் சொந்தப் பிழைகளைக் குறித்து வைத்தல். என் பட்டியலில் கரை–கறை, பனி–பணி, விலா–விழா எல்லாம் இருக்கின்றன.

அன்று இரண்டாவது கடிதத்தை நீட்டியபோது உம்மா கேட்டார்: "ஏன் மகள், முந்தின கடிதம் தொலஞ்சி போச்சா?"

"ஓம் உம்மா" என்றேன்.

அது தொலையவில்லை. அந்தக் கொப்பிக்குள்தான் மடித்து வைத்திருக்கிறேன். பட்டியலின் முதற்சொல்லும் அதுவே.